சிறுத்தைக்கு ஐந்து விரல்

தபால்காரன் ஆற்றைக் கடப்பதாக இல்லை. திரையில் அவன் கரையோரமாகக் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினான். அதன் கீழே ஒரு மரப்பெட்டி இருந்தது. அதைத் திறந்தான். உள்ளே இருந்த பழைய பொத்தானை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் அடுத்த கல்லை நோக்கி நடந்தான்.

செசிலியா இரண்டாம் கட்டத்தை இருபத்தாறாவது தடவையாகத் தொடங்கி வைத்தாள். வயலின்காரர்களின் முழங்கைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. செலோ வாசிக்கும் மயில்வாகனம், ரயில்வேயில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். தூங்குகிறாரோ என்றும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணமான விவேகானந்தன் மேடையின் இடது ஓரத்தில், ஒரு பள்ளிக்கூடக் கதிரையில், மடிக்கணினியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி விரிவுரையாளர். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருடமாக ஒரு விளையாட்டைச் செய்திருந்தான். மலைநாட்டுத் தபால்காரன் ஒருவன் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து, ஆற்றைக் கடந்து, சிறுத்தைக்குத் தப்பி, மலை உச்சியில் இருக்கும் வீட்டில் அதைக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கு இசை எழுதியவள் செசிலியா.

எழுதியதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். விளையாட்டுக்கான இசைக்கு இவ்வளவு நீளம் என்று கிடையாது. விளையாடுகிறவன் ஆற்றங்கரையில் நின்றால் ஆற்றின் இசை சுற்றிச் சுற்றி வரும். சிறுத்தை வந்தால் அந்தக் கணமே மாறவேண்டும். கணினி இதைச் சலிக்காமல் செய்யும். அதையே இருபத்திரண்டு உயிருள்ள மனிதர்களை மேடையில் வைத்துச் செய்துகாட்டலாம், சபையோருக்கு முன்னால் ஒருவன் விளையாட விளையாட வாத்தியக் குழு பின்தொடரலாம் என்பது விவேகானந்தனின் யோசனை. ஓம், செய்வோம் என்று சொன்னது அவளுடைய வாய். நான்கு மாதமாக அவள் அந்த வாயைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதற்கு ஒரு முறையும் வகுத்திருந்தாள். இசையைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தாள். இடது கையால் அவள் விரல் காட்டும்வரை எல்லோரும் அதே கட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டும். ஒரு விரல் என்றால் பாதை. இரண்டு விரல் ஆறு. மூன்று விரல் பாலம். பொத்திய கை, மலை உச்சி வீடு. விரித்த ஐந்து விரலும் சிறுத்தை. நான்கு என்று ஒன்று இல்லை. நான்கையும் ஐந்தையும் பின்வரிசையில் இருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று முதல் வாரமே முறைப்பாடு வந்துவிட்டது.

முறைப்பாடு செய்தவர் பெரிய மேளம் அடிக்கும் ராஜரத்தினம். புசல்லாவைத் தபாற்கந்தோரில் வேலை. பள்ளிக்கூட நாட்களில் பாண்டு வாத்தியத்தில் அடித்துப் பழகிய கை. சிறுத்தை வரும்போது மட்டும்தான் அவருக்கு வேலை. அதுவரை மேளத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு அவருக்கே பொறுக்கவில்லை.

"டீச்சர், நான் பத்தொன்பது வருசமா தபால்ல இருக்கேன். எந்தத் தபால்காரனும் வழியில கெடக்குற பெட்டியெல்லாம் தொறந்து பாக்க மாட்டாங்க. இவன இன்னேரம் வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பாங்க."

வயலின் வாசிக்கும் மாணவிகள் சிரித்து வாசிப்பைக் குழப்பினார்கள். செசிலியா குழுவை நிறுத்தினாள். இடது கை தானாகவே மேலே எழுந்து, விரல்கள் விரிய, விவேகானந்தனை நோக்கி, இதெல்லாம் என்ன என்று கேட்பதுபோல் நின்றது. அவளுக்குக் கோபம் வந்தால் கை அப்படித்தான் போகும். கையைப் பார்த்ததும் ராஜரத்தினம் பழக்கதோஷத்தில் மேளத்தை ஓங்கி ஒரு போடு போட்டார். எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

"கோவம் வந்தா கையக் கட்டிக்கிருங்க டீச்சர்," என்றார் அவர். "இல்லன்னா சிறுத்த வந்துரும்."

விவேகானந்தன் எழுந்து வந்து, விளையாடுகிறவன் நிற்பான், பார்ப்பான், பெட்டி திறப்பான், அதுதான் விளையாட்டு என்று அமைதியாக விளங்கப்படுத்தினான். அந்த அமைதிதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பும். கச்சேரியன்றைக்கு ஆற்றங்கரையில் ஒரு பெட்டிகூடத் திறக்கக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவனும் செய்துகொடுத்தான். அவனுக்கு எல்லாம் சுலபம். அவன் நினைத்த இடத்தில் நிற்பான், நினைத்தபோது நடப்பான். இருபத்திரண்டு பேரும் அவளும் அவன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகவேண்டும்.

விளையாட்டோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

மூன்று வாரத்துக்கு முன் பேராதனைச் சந்தியில், பஸ்சுக்குக் காத்துக்கொண்டு நின்ற இடத்தில், அவன் அவளிடம் ஒரு கடதாசிக் கட்டை நீட்டினான். அவுஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில், ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கும் விஷயம் அவளுக்குத் தெரியும். அதற்கான விசாப் படிவம்.

"கடைசிப் பக்கத்தில ஒரு கையெழுத்து மட்டும் வையும், செசி. செப்டெம்பரில போகவேணுமெல்லே."

அவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். மனைவி என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே அவளுடைய பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன.

"இதில என்ர பேர் கிடக்கு," என்றாள்.

"ஓம். பென்சிலாலதானே எழுதினனான். பிழை எண்டால் அழிக்கலாம்."

அவன் பகிடி விடவில்லை. மரியாதையாக நடந்துகொண்டதாகவே நினைத்திருந்தான். இருவரும் சேர்ந்துதான் வாழப்போகிறார்கள் என்பது கண்டியில் அவர்களைத் தெரிந்த எல்லோருக்கும் மூன்று வருடமாகத் தெரியும். அவன் சைவம், அவள் கத்தோலிக்கம் என்பதைக்கூட அவனுடைய தாய் பத்மாதேவி ஒருவிதமாக ஜீரணித்து, கந்தசஷ்டி மோதகத்தையும் நத்தார்க் கேக்கையும் ஒரே தட்டில் வைக்கப் பழகியிருந்தார். அப்படியிருக்க, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவன் எண்ணம்.

கேட்பதற்கு நிறைய இருந்தது. இந்தக் குழுவை ஆறு வருடமாகச் சேர்த்தவள் அவள். கட்டுகஸ்தோட்டையில் இருந்து வரும் சிங்கள மாணவிகள், மருந்துக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரும் முஸ்லிம் புல்லாங்குழல்காரர், புசல்லாவையில் இருந்து இரண்டு பஸ் மாறி வரும் ராஜரத்தினம். பஸ்ஸில் குண்டு வெடித்த செய்தி வந்த சனிக்கிழமைகளில்கூட அவர்கள் வந்தார்கள். வழியில் இறக்கிச் சோதித்த கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு வாசித்தார்கள். இவர்களை விட்டுவிட்டு வா என்று விவேகானந்தன் சொல்லவில்லை. விட்டுவிட்டு வரவேண்டியிருக்குமே என்று யோசிக்கவும் இல்லை.

கச்சேரி முடிந்த அன்றைக்குப் பதில் சொல்கிறேன் என்று சொல்லிப் படிவத்தை வாங்கி, இசைத்தாள்களின் நடுவே வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ரயிலில் அவன் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். கையெழுத்து இருந்தால் இரண்டு பேர். இல்லாவிட்டால் ஒருவர்.

கச்சேரி நாள், 2007 ஆனி மாதத்துச் சனிக்கிழமை. இருட்டுமுன் எல்லோரும் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் நான்கு மணிக்கே தொடக்கம். பொலிஸில் அனுமதி எடுத்தபோது, மண்டபத்துக்குள் போகும் சாமான்களின் பட்டியல் கேட்டிருந்தார்கள். பெரிய மேளம் ஒன்று என்று எழுதியதில்தான் பிரச்சினை வந்தது. மேளம் என்றால் உள்ளே வெறுமையாக இருக்கும், வெறுமையாக இருந்தால் எதையும் வைக்கலாம். முந்தின வாரம் பேராதனை வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு சார்ஜன்ட் ராஜரத்தினத்தை மேளம் ஏற்றிவந்த வான் வண்டியில் இருந்து இறக்கி, மேளம்தான் என்றால் அடித்துக் காட்டு என்றிருந்தார். அவரும் அடித்துக் காட்டினார். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் நிலத்தில் குந்திவிட்டார்கள். சார்ஜன்டே ஓரடி பின்னால் போனாராம்.

அதற்குப் பிறகு செசிலியா மேளத்தின் மேல் ஒரு துவாயைப் போட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். திரையில் சிறுத்தை பாய்கிற அதே நேரத்தில் மேளம் விழுந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முன்வரிசையில் பத்மாதேவியும் செசிலியாவின் அம்மாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டை விட்டு வெறுங்காலோடு ஓடிய நாளில் இருந்து, அம்மா எங்கே உட்கார்ந்தாலும் செருப்பைக் கால் எட்டுகிற தூரத்தில்தான் கழற்றி வைப்பார். மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகளே பாதி. கதவடியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

பாதைக் கட்டம் ஒழுங்காகப் போயிற்று. தபால்காரன் நடந்தான், வயலின்கள் நடந்தன. பின்னால் சபையில் சின்னச் சின்னச் சிரிப்புகள் கேட்டன. அவளுக்கு மனது இளகியது. ஆறு தெரிந்ததும் இரண்டு விரலைக் காட்டினாள். குழு ஒரு சிக்கலும் இல்லாமல் ஆற்றுக்குள் இறங்கியது.

விவேகானந்தன் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தான். தபால்காரன் நேரே பாலத்தை நோக்கிப் போனான். அப்போதுதான் முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண், "பெட்டி, பெட்டி, அங்க பெட்டி," என்று கத்தினாள். அதையே சிங்களத்தில் இன்னும் நாலு பிள்ளைகள் கத்தினார்கள். மண்டபத்துப் பிள்ளைகள் முழுப்பேரும் சேர்ந்துகொண்டார்கள். தபால்காரன் நின்றான். திரும்பினான். கல்லைப் புரட்டினான்.

செசிலியா எட்டாவது தடவை ஆற்றைத் தொடங்கினாள். பிறகு ஒன்பது, பத்து. பொத்தான் வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த கல். பதினைந்து. மயில்வாகனம் கண்ணை மூடிக்கொண்டார். இருபது. ஒரு மாணவி வில்லைப் பிடித்த கையை உதறிக்கொண்டாள். இப்போது மூன்றாவது கல்லாம். இருபத்தைந்து. சத்தியம் செய்து கொடுத்த மனிதன் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தாராளமாக உட்கார்ந்திருந்தான். இந்த ஆள் சொன்ன சொல்லுக்கு என்ன பெறுமதி, இவரை நம்பியா பிரிஸ்பேன் என்று அவளுக்குள் கொதித்து வந்தது.

கொதித்தது கைக்கு வந்துவிட்டது. இடது கை எழுந்து, ஐந்து விரலும் விரிய, அவனை நோக்கி நீண்டது.

ராஜரத்தினத்தின் முகம் மலர்வதை அவள் கண்டாள். அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. இருபத்திரண்டு பேரும் நான்கு மாதம் பழகியதை அப்படியே செய்தார்கள். தாள் புரண்டது. மேளம் விழுந்தது. வெக்கைக்கு யாரோ துவாயை எடுத்து முகம் துடைத்திருக்க வேண்டும், மேளத்தின் மேல் அது இல்லை.

திரையில் அமைதியான ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரன் ஒரு பெட்டியின் மேல் குனிந்திருந்தான். சிறுத்தையின் நிழல்கூட எங்கும் இல்லை.

இரண்டாவது அடியில் பிள்ளைகளின் சத்தம் சட்டென்று நின்றது. மூன்றாவது அடியில், முதுகுக்குப் பின்னால், செசிலியா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். வரிசை வரிசையாகப் பெண்கள் காலால் செருப்பைத் தேடும் சத்தம். ஒரு கதிரை கிறீச்சிட்டது. யாரோ ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கதவுப் பக்கமாக ஒருவர் எழுந்தால் போதும், மற்றவர்களும் எழுவார்கள். முன்னூறு பேருக்கு ஒரே கதவு. குழுவை நிறுத்தலாமா என்று நினைத்தாள். நிறுத்தினால் உண்மையாகவே ஏதோ நடந்துவிட்டது என்று நினைப்பார்கள். கை காற்றிலேயே நின்றது. விவேகானந்தனைப் பார்த்தாள்.

அவன் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தபால்காரன் பாதி திறந்த பெட்டியை அப்படியே விட்டான். திரும்பி, பாலத்தை விட்டு, ஆற்றை விட்டு, இடது பக்கம் மூங்கில் புதரை நோக்கி ஓடினான். நான்கு மாதமாக அவன் அப்படி ஓடி அவள் கண்டதே இல்லை. ஐந்தாவது அடிக்கு அவன் புதருக்குள் தலையைக் கொடுத்தான். ஆறாவது அடிக்குச் சிறுத்தை திரை முழுக்கப் பாய்ந்தது.

பிள்ளைகள் வீரிட்டுக் கத்தினார்கள். அது சந்தோஷக் கத்தல். பின்னால் பெரியவர்கள் மூச்சை விட்டுச் சிரிப்பதும், கதிரைகள் திரும்ப ஒழுங்காவதும் கேட்டன. பத்மாதேவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சும்மா கிடந்த மிருகத்தைப் போய் எழுப்பிப்போட்டானே, விசரன்."

அதற்குப் பிறகு நடந்தது எதையும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. சிறுத்தை துரத்தியதில் தபால்காரன் பாலத்துக்குப் போக நேரமில்லாமல் ஆற்றில் குதித்தான், நனைந்துகொண்டே மலை ஏறினான். செசிலியா மூன்றாம் கட்டத்தை முழுதாகத் தாண்டிக் கையைப் பொத்தினாள். மலை உச்சி வீட்டின் கதவு திறந்தது. கடிதம் கொடுபட்டது. பாலத்துக்காக நான்கு மாதம் பழகிய இரண்டாம் வயலின்காரர்கள் அவளை முறைத்துப் பார்த்துக்கொண்டே வணங்கினார்கள்.

சபை கலைந்த பிறகு விவேகானந்தன் வயர்களைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"நீர் ஏன் அந்த இடத்தில சிறுத்தையைக் கூப்பிட்டனீர்?"

"நான் கூப்பிடேல்லை," என்றாள் செசிலியா. "உங்களைத்தான் ஏசினனான். சத்தியம் பண்ணிப்போட்டுப் பெட்டி திறந்துகொண்டு நிண்டியள். கை தன்ரபாட்டில போட்டுது."

அவன் வயரைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"அப்ப, பிழையோ?"

"பிழைதான். பிறகேன் ஓடினியள்? பேசாமல் நிண்டிருக்கலாமே, வழக்கம்போல."

"நீர் சிறுத்தை எண்டு காட்டினால் சிறுத்தை இருக்கும் எண்டு நினைச்சன்," என்றான் அவன். "நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் எண்டு போய்த் தேடினன்."

நான்கு மாதக் கோபத்தையும் அன்றைக்கு முழுதாக இறக்கிவைக்க அவள் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள். அதில் ஒன்றுக்கும் இப்போது வேலையில்லாமல் போய்விட்டது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இசைத்தாள்களுக்கு நடுவில் இருந்து படிவத்தை எடுத்தாள். தாள்களைத் திருத்த வைத்திருந்த அழிறப்பரால், மேளத்தின் மேல் வைத்து, தன் பெயரை முழுதாக அழித்தாள். பிறந்த தேதியையும் ஊரையும்கூட விடவில்லை. அவன் முகம் வாடியது. ஆனால் தடுக்கவில்லை.

"செப்டெம்பரில நான் வரமாட்டன்," என்றாள். "மார்கழியில இவையளோட அடுத்த கச்சேரி இருக்கு."

"அதுக்குப் பிறகு?"

"கேக்கிறியளோ, சொல்லுறியளோ?"

அவன் வயரைக் கீழே வைத்தான். "கேக்கிறன்," என்றான்.

அவள் வாயைத் திறக்குமுன் ராஜரத்தினம் வந்து நின்றார். வான்காரர் அவசரப்படுத்துவதாகவும், பேராதனைச் சந்தியில் புசல்லாவைப் பஸ்ஸை விட்டால் தான் மேளத்துக்குள்தான் படுக்கவேண்டும் என்றும் சொன்னார். பதில் அப்படியே நின்றுபோயிற்று. சாமான்களை ஏற்றினார்கள். வானில் மேளம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.

பேராதனை வீதிச் சாவடியில் அதே சார்ஜன்ட். மேளத்தைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, "பெர கஹன்ன எபா," என்றார். மேளத்தை மட்டும் அடிக்கவேண்டாம், மற்றப் பெட்டிகள் எல்லாவற்றையும் திறந்து காட்டினால் போதும்.

பதினொரு வாத்தியப் பெட்டிகள். விவேகானந்தன் இறங்கி, வீதியோரத்தில் குந்தி, ஒவ்வொன்றாகத் திறந்தான். முழுமனதோடு திறந்தான். உள்ளே வயலின்தான் இருக்கும் என்று தெரிந்தும், ஒவ்வொன்றையும் இப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். செசிலியா நேரத்தைப் பார்த்தாள். ராஜரத்தினம் வந்து போகும் பஸ்களைப் பார்த்தார்.

சார்ஜன்ட் அடையாள அட்டைகளைப் புரட்டினார். பெயர்கள் வேறு வேறு, விலாசங்கள் வேறு வேறு. இந்த அம்மா உனக்கு யார் என்று விவேகானந்தனிடம் சிங்களத்தில் கேட்டார்.

எந்தப் படிவத்திலும் கேட்காமலே எழுதத் தெரிந்தவன், திறந்த பெட்டிக்கு முன்னால் குந்தியபடியே, அவளை நிமிர்ந்து பார்த்தான். கட்டம் மாறுவதற்கு முன் மாணவிகள் அவள் கையைப் பார்ப்பார்களே, அதே பார்வை. சார்ஜன்டும் அவளைப் பார்த்தார்.

அவள் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில், தெளிவாகச் சொன்னாள். இவர் நான் கல்யாணம் முடிக்கப்போகிறவர். வருகிற தையில், இரண்டாவது ஞாயிறு. சனிக்கிழமை வைக்க முடியாது, சனிக்கிழமைகளில் பயிற்சி இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் வெளிநாடு போவது. அங்கே வேலை கொடுத்தவர்கள் அதுவரை பொறுப்பார்களா என்று இவர் கேட்டுப் பார்ப்பார்.

சார்ஜன்ட் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, நல்லது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"டீச்சர்," என்றார் ராஜரத்தினம் வானுக்குள் இருந்து, "தேதியெல்லாம் சொல்லிட்டீங்க. சாரை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கேல்லை," என்றான் விவேகானந்தன். அவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "பரவாயில்லை. பென்சிலாலதானே சொல்லியிருப்பா."

"பேனையாலதான்," என்றாள் செசிலியா. "பெட்டியை மூடுங்கோ. அங்க பஸ் வருகுது."